கிராணி உயர்த்திய வீடு

மலாய் நாட்டுக் குளுவாங்கில் ரயில் பாதையை ஒட்டிப் போகும் செம்மண் தெருவில், அந்த நாளில் யாரைக் கேட்டாலும் சதாசிவம் கிராணி வீட்டைக் காட்டிவிடுவார்கள். கை நீட்டிக்கூடக் காட்ட வேண்டியதில்லை. மற்ற கூரைகளுக்கு மேலே, சேற்றில் கால் படக்கூடாது என்று நிற்கும் கொக்கு மாதிரி அது தனியாகத் தெரியும். கொஞ்சம் கிழக்கே சாய்ந்தும் தெரியும். அந்தச் சாய்வைப் பற்றி மட்டும் கிராணியிடம் பேசக்கூடாது. "வீடு சாயலை. தெரு சாஞ்சிருக்கு" என்பார்.

அவர் மனைவி அங்கம்மா இதைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அதற்கும் பிறகு, அவர் சொல்லப் போவதை அவருக்கு முன்பே முணுமுணுத்து முடித்துவிடப் பழகிக்கொண்டாள்.

சதாசிவம் இருபது வருஷம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதியவர். அப்படிப்பட்டவர்களைத்தான் தோட்டத்தில் கிராணி என்பார்கள். அங்கே ஒரு மனிதனின் தகுதியை அவன் வீட்டுத் தூணைப் பார்த்தே சொல்லிவிடலாம். துரை பங்களா ஏழடித் தூணில் நிற்கும். அடியில் மோட்டார் நிற்கும், நாய்கள் தூங்கும். கிராணி வீட்டுக்கு மூன்றடி. கூலி ஆட்களின் லயம் தரையோடு தரை. மழை பெய்தால் தண்ணீர் லயத்துக்குள்ளே புகும், கிராணி வீட்டுக்கு அடியில் ஓடும், துரைக்கு மட்டும் அது மாடியிலிருந்து பார்க்கிற காட்சி. சதாசிவத்துக்குச் சீட்டு கிடையாது, கள் கிடையாது. துரைக்கும் தமக்கும் நடுவில் இருந்த அந்த நாலடிதான் அவருடைய கள்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் கழித்தபோது அவரையும் கழித்தார்கள். கப்பலேறி ஊருக்குப் போனவர்கள் போனார்கள். சதாசிவம் போகவில்லை. பத்து பகாட் ஊர்ப் பக்கம் குடிபோன ஒரு மலாய்க்காரரிடமிருந்து இந்தப் பலகை வீட்டை வாங்கினார். ரயில் வந்த புதிதில் கட்டிய பழைய வீடு. செங்கால் மரத்தூண், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் சற்றுத் தணிவாகத் தனியே ஒரு சமையற்கட்டு. அங்கம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கூரையில் கொஞ்சம் ஓலை மாற்றினால் போதும், நாளைக்கே அடுப்பு மூட்டிவிடலாம் என்றாள். சதாசிவம் தூணுக்குப் பக்கத்தில் குனிந்து கையால் அளந்துகொண்டிருந்தார்.

"மூணடிதான் இருக்கு," என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

"மூணடிக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?"

"மாத்தணும்."

மாற்ற ஆரம்பித்தார். ஆள் வைக்கவில்லை. இருபது வருஷம் அடுத்தவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, பார்த்தாலே வேலை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டு மணியம் ரயில் பாதை போடும் ஆள். அவரைப் பிடித்து, இரவலாக ஒரு ஜாக்கியும், கழித்துப்போட்ட தண்டவாளக் கட்டைகளும் கொண்டுவந்தார். ஒரு மூலையில் ஜாக்கியை வைத்து வீட்டை ஒரு பிடி தூக்குவது, கீழே கட்டையைச் செருகுவது, அடுத்த மூலைக்குப் போவது. இதுதான் முறை. கடைசி மூலைக்கு வருவதற்குள் முதல் மூலை இறங்கியிருக்கும். கதவுகள் நிலையில் சிக்கிக்கொள்ளும். உட்கார்ந்து கதவைச் சீவுவார். அடுத்த தடவை தூக்கும்போது வீடு மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும். சீவின கதவில் பூனை நுழைகிற சந்து விழும். அதை அடைக்க ஒரு மரப்பட்டி அடிப்பார். கூரை முகடு பிளந்தது. "அது கடைசியில பாத்துக்கலாம், மேலேயிருந்து கீழ வேலை செய்யக்கூடாது" என்று ஒரு சட்டம் சொன்னார். கூரைக்கு வாங்கிய தகரம், வராந்தாவுக்கு வாங்கிய பலகை, எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே மறந்துபோன மரச்சட்டங்கள் எல்லாம் வீட்டுக்கு அடியில் அடுக்கிக் கிடந்தன.

சமையற்கட்டு தனித் தூணில் நின்றதால் வீட்டோடு சேர்ந்து எழவில்லை. வீடு போய்க்கொண்டே இருந்தது, சமையற்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில், அங்கம்மா கீழே நின்று தலைக்கு மேலே குழம்புச் சட்டியைத் தூக்கிக் கொடுக்க, கிராணி மேலே குப்புறப் படுத்து வாங்கிக்கொள்ளும் நிலைமை வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மணியத்தின் மனைவி வெள்ளையம்மாவுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா?

"அக்கா, வெரசா குடுங்க, வண்டி கெளம்பப் போவுது! ஸ்டேசன்ல சாயா விக்கிற மாதிரியே இருக்கீங்க."

"சாயா விக்கிறவனுக்கு வண்டி போயிட்டா ஓய்வு. என் வண்டி எங்க போவுது?"

மேலேயிருந்து கிராணியின் குரல் வரும். "சிரிங்க, சிரிங்க. துரை பங்களா கட்ட எத்தனை மாசம் புடிச்சிச்சு தெரியுமா?"

"அதுல எத்தனை ஆளு வேலை செஞ்சாங்க, கிராணி ஐயா?"

"ஆளு முக்கியமில்ல. மூளை முக்கியம்."

"அப்ப இங்க யாருமே வேலை செய்யலன்னு சொல்லுங்க," என்பாள் வெள்ளையம்மா, துணியை உதறிக்கொண்டே.

ஒரே மகள் தனலெட்சுமியின் கல்யாணத்தின்போது வீட்டுக்கு முன்சுவர் இல்லை. காற்றோட்டத்துக்காக ஜன்னலை அகலப்படுத்துகிறேன் என்று ஆரம்பித்து, சுவர் முழுக்க ஜன்னலாகிவிட்டிருந்தது. தாலி கோயிலில் கட்டினார்கள், விருந்தும் கோயில் கொட்டகையிலேயே நடந்தது. மாப்பிள்ளை ஜெயபாலன் காஹாங் பக்கம் ஒரு தோட்ட ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். நல்ல பிள்ளை, வாய் அதிகமில்லை. அந்தக் குறையை அவன் தாய் ராசம்மா தீர்த்துவைத்தாள். வழியில் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொண்ணு வயசுக்கு வந்துருச்சு, வீடுதான் இன்னும் வரல போல" என்றாள். பந்தி சிரித்தது. சதாசிவமும் சிரித்தார், வீட்டைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்களே என்று. அங்கம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஜெயபாலன் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, தனம் உண்டாகியிருக்கிறாள் என்று சொன்னான். தாய் சொல்லி அனுப்பியதையும் தலையைக் குனிந்துகொண்டே ஒப்பித்தான்.

"தோட்டத்துல ஆசுபத்திரி இருக்கு, அம்மாவும் இருக்காங்க. உங்க வீடு தயாரா இருந்தா கூட்டிட்டுப் போகலாமாம். இல்லாட்டி... அங்கயே பாத்துக்கலாம்னு சொன்னாங்க, அத்தை."

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்," என்றாள் அங்கம்மா. "உங்கம்மாகிட்ட சொல்லுங்க, மாப்பிள்ளை. வீடு தயாரா இருக்கும்."

இது வழக்கத்துக்காகச் சொன்ன பேச்சு இல்லை. அங்கம்மா தனத்தைப் பெற்றபோது அவள் தாய் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வலி கண்டதும் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. கங்காணி மனைவி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் தண்ணீர்க் குழாயடியில் "நான் இல்லாட்டி இவ கதி என்ன ஆயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். தனத்தைப் பற்றி ராசம்மா ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது. அங்கம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். தூண் எத்தனை அடி என்பதைப் பற்றி அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

அன்றைக்கே புருஷனை உட்காரவைத்தாள்.

"இந்தா பாருங்க. தூக்குனது போதும். கூரைய மூடுங்க. படிக்கட்ட சரி பண்ணுங்க. பிள்ளைத்தாச்சி வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சிட்டா, அப்புறம் ஒரு ஆணி அடிக்கக்கூடாது, ஒரு கட்டை அறுக்கக்கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்." சதாசிவத்துக்கு உண்மையிலேயே தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி இறங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்பதில் நம் ஆட்களுக்கும் சீனத் தச்சர்களுக்கும் ஒரே பேச்சு. பலகைக் கடைச் சீனர்கூட, வீட்டில் அப்படி யாராவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஆணியை நிறுப்பார். "ஒம்பதாம் மாசம்தானே வருவா? அதுக்குள்ள ஜமாய்ச்சிடறேன்."

ஜமாய்த்தார். அப்போது இருந்த படிக்கட்டு அழகில்லையே தவிர ஏறலாம், இறங்கலாம். வீடு உயர உயர, அடியில் கட்டைகளைப் போட்டு அதையும் ஒப்பேற்றி வைத்திருந்தார்கள். அதைச் சரி பண்ணச் சொன்னால், அதைப் பிய்த்துப் போட்டார். துரை பங்களாவில் இருப்பது மாதிரி இரண்டு பக்கமும் இறங்கும் படி கட்டப் போகிறாராம். பங்களாவில் துரை ஒரு பக்கம் இறங்குவார், துரைசாணி ஒரு பக்கம் இறங்குவாள்.

"நாம ரெண்டு பேருதானே இருக்கோம், எதுக்கு ரெண்டு படி?" என்றாள் அங்கம்மா.

"ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

படி முடிகிற வரைக்கும் ஏறி இறங்க ஒரு மூங்கில் ஏணியைச் சாத்தி வைத்தார்.

அந்த வருஷம் கிழக்குப் பக்கம் மழை முந்திக்கொண்டது. காஹாங் வழியாக மெர்சிங் போகும் பாதையில் அங்கங்கே தண்ணீர் ஏறத் தொடங்கியதும், இனிக் காத்திருந்தால் வழி அடைபட்டுப் போகும் என்று, வளைகாப்பு முடிந்த கையோடு ஏழாம் மாதத்திலேயே ஜெயபாலன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மத்தியான வெயிலில், கைநிறைய வளையலோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனம் வாசலில் வந்து நின்றாள். நின்று அண்ணாந்து பார்த்தாள். வாசல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா, எப்படிம்மா ஏறுறது?"

மேலே சுத்தியல் சத்தம் நின்றது. கிராணி எட்டிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வந்தது. உடனே, வேலைக்கு இடைஞ்சல் வந்தவனின் கடுப்பும் வந்தது.

"என்னம்மா, ஒம்பதாம் மாசம்னுதானே பேச்சு?" என்றார். சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கி வந்தவருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அங்கம்மா, கேளு. அவ இன்னும் வீட்டுக்குள்ள வரல. வராத வரைக்கும் தோசமில்ல. கொஞ்ச நாளு வெள்ளையம்மா வீட்டுல இருக்கட்டும். நான் படிய முடிச்சிடறேன். மாப்பிள்ளை, என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை ஏணியைப் பார்த்தான், மனைவியின் வயிற்றைப் பார்த்தான். காஹாங்குக்குத் திரும்பும் லாரி எத்தனை மணிக்கு என்று அவன் மனத்துக்குள் ஓடுவது அங்கம்மாவுக்கு அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் வாயைத் திறந்தால், "அப்ப அம்மா சொன்ன மாதிரி அங்கயே..." என்றுதான் திறப்பான். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா, வழக்கம்போல, துணியோடு நின்றாள். ஆனால் அன்றைக்கு அவளும் கேலி பண்ணவில்லை.

"எங்க வீட்டுக்கு வேணா வரட்டும் அக்கா," என்றாள் மெதுவாக.

அங்கம்மா மகளின் கையைப் பிடித்தாள். ஏணிப் பக்கம் போகவில்லை, வேலிப் பக்கமும் போகவில்லை. நேராக வீட்டுக்கு அடியில் நடந்து, தூண்களுக்கு நடுவே பலகை அடுக்கின் மேல் அவளை உட்காரவைத்தாள்.

"வலது கால எடுத்து வச்சுத்தானே வந்தே?"

"ஆமாம்மா."

"சரி. புள்ள வீட்டுக்குள்ள வந்தாச்சு," என்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "சுத்தியல கீழ போடுங்க."

"இது எப்படிடி வீடாகும்? இது வீட்டுக்கு அடி!"

"கூரை ஒங்க கூரை. தூணு ஒங்க தூணு. நாலு பக்கமும் ஒங்க நெலம். இது வீடு இல்லன்னா நீங்க இத்தனை வருசமா எதைத் தூக்குனீங்க?"

சதாசிவம் ஜெயபாலனைப் பார்த்தார். டிரெசர் ஆயிற்றே, படித்தவன் நியாயம் சொல்வான் என்று நினைத்திருப்பார். ஜெயபாலன் குனியாமலே உள்ளே நடந்து போய் மனைவி பக்கத்தில் பெட்டியை இறக்கிவைத்தான்.

"காத்து நல்லா வருது அத்தை," என்றான்.

அதோடு சுத்தியல் நின்றது. மறுநாளே அங்கம்மாவும் வெள்ளையம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஆணிதான் அடிக்கக்கூடாது; கொடியால் கட்டக்கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. லயத்தில் ஆட்டுக்கொட்டகை கட்டாத தோட்டத்துப் பெண் உண்டா? ரோத்தான் என்கிற பிரம்புக் கொடியை ஊறப்போட்டு, வராந்தாப் பலகைகளைத் தூணோடு தூணாக வரிந்து கட்டிச் சுவராக்கினார்கள். தண்டவாளக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் பலகை போட்டு, ஈரம் ஏறாத தளம் ஒன்று செய்தார்கள். வாசலுக்கு ஒரு சாக்குத் திரை. மேலே கூரை ஒழுகினால் பலகை இடுக்கு வழியாகக் கீழே சொட்டுமே? அங்கம்மா ஏணியில் ஏறிப்போய், கூரைக்கென்று வாங்கிய தகரங்களைக் கிராணியின் கூடத்துத் தரையில் ஓரமாகச் சாய்த்து விரித்துவிட்டு வந்தாள். மழை கூரை வழியாகக் கிராணி மேல் விழுந்து, தகரத்தில் வழிந்து, பின்பக்கமாக ஓடிப்போனது. கீழே ஒரு சொட்டு இல்லை.

இரண்டு பெண்பிள்ளைகள் சில நாளில் செய்து முடித்த அந்த அறையில் சிக்குவதற்குக் கதவே இல்லை, சுவரும் சாயவில்லை. தனம் தூங்கினாள், சாப்பிட்டாள், வெள்ளையம்மாவோடு பல்லாங்குழி ஆடினாள். சமையற்கட்டும் அந்த அறையும் இப்போது ஏறக்குறைய ஒரே மட்டம். சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்கிற வேலை அங்கம்மாவுக்கு ஒழிந்தது. அவளும் கீழேயே படுத்துக்கொண்டாள்.

கிராணி மட்டும் மேலே. நடந்தால் தகரம் இடிஇடிக்கும், உடனே கீழேயிருந்து, "புள்ள தூங்குது, நடக்காதீங்க!" என்று சத்தம் வரும். எனவே விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பில்லாத அந்த இரண்டு பாதங்கள் வாசலுக்கு மேலே ஆடிக்கொண்டிருப்பதைத் தெருவே பார்த்தது.

"பாவம் அக்கா, கை துருதுருங்குது போல," என்பாள் வெள்ளையம்மா. "சுத்தியல கயித்துல கட்டி மேல அனுப்புங்க, மோந்து பாத்துட்டுத் தந்துருவாரு."

"மோந்து பாத்தா அடிக்கத் தோணும். சும்மா இருக்கட்டும்."

கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாள் ஒன்றில், விடிகிற நேரம் தனத்துக்கு வலி கண்டது. வெள்ளையம்மா ஓடிப்போய் மருத்துவச்சியை அழைத்து வந்தாள். தெருவில் கணுக்கால் தண்ணீர் இருந்தும், அந்தக் கிழவி ஏணி ஏறாமல் திண்டாடாமல் நேராக உள்ளே வந்துவிட்டாள். தண்ணீர் கட்டைத்தளத்துக்குக் கீழேயே நின்றது. தனம் கத்தினபோதெல்லாம் பிடித்துக்கொள்ள அவள் தாயின் கை இருந்தது. நகம் பதிந்த தழும்பை அங்கம்மா பிறகு வெகுநாள் எல்லாருக்கும் காட்டினாள். ஆண்பிள்ளை. அழுகைச் சத்தம் மழையையும் மீறி மேலே கேட்டது.

"என்ன புள்ள? என்ன புள்ள?" என்று தகரம் அதிர ஓடினார் கிராணி. அன்றைக்கு யாரும் அவரை அதட்டவில்லை.

பாதை திறந்ததும் ராசம்மா பேரனைப் பார்க்க வந்தாள். அவள் வருகிற சேதி கிடைத்ததிலிருந்து சதாசிவத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷம் லயத்தைவிட மூன்றடி மேலே வாழ்ந்தவரின் பேரன், லயம் மாதிரித் தரையில் பிறந்தான் என்று சம்பந்தியம்மாள் காஹாங் முழுக்கச் சொல்லமாட்டாளா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏணியடியில் நின்றார்.

"வாங்க சம்பந்தி. இது சும்மா, குளிர்ச்சிக்காக நான் பண்ணி வச்ச கீழ்க்கட்டு. வெள்ளக்காரங்க இப்ப இப்படித்தான் கட்டுறாங்க. மொதல்ல மேல வாங்க, வீட்டைக் காட்டறேன்."

ராசம்மா ஏணியைப் பார்த்தாள். கிராணியைப் பார்த்தாள். "நான் பேரனைப் பாக்க வந்தேன். பனை ஏற வரல," என்று சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போனவள் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். தளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு தூண்களுக்கு நடுவே தூளியில் கிடந்த பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மருமகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தனம் கன்னம் உப்பியிருந்தாள். அங்கம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்மணி ஒரு சொல் சொன்னால் போதும், கட்டின கட்டெல்லாம் அவிழ்ந்த மாதிரிதான்.

"யாரு கட்டுனது இது?" என்றாள் ராசம்மா.

"நான்தான்," என்றது வாசலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல்.

"ஆமா சம்பந்தி, அவருதான்," என்றாள் அங்கம்மா. "பாருங்க, ஒரு ஆணி கெடயாது."

தனம் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெள்ளையம்மா எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினாள். அங்கே பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. ராசம்மாவின் உதடு கோணியது. அவள் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் இல்லை. புருஷன் என்று ஒருவரோடு அவளும் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள்தான்.

சோறு கீழேதான் போட்டார்கள். கிராணி கொஞ்ச நேரம் மேலே போய், விருந்தாளிகள் எப்படியும் வருவார்கள் என்று பாயை விரித்துக் காத்திருந்தார். கருவாட்டுக் குழம்பின் வாசனை தாங்காமல் இறங்கி வந்தபோது இடம் ஓரத்தில்தான் கிடைத்தது.

புறப்படும்போது ராசம்மா பிள்ளையின் நெற்றியில் மை வைத்துவிட்டு, அங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவதுக்கும் இங்கயே அனுப்பிடறேன் சம்பந்தி. முறையில்லதான். இருந்தாலும் அனுப்பறேன்."

அங்கம்மா தலையை ஆட்டினாள்.

"தாராளமா அனுப்புங்க," என்றார் சதாசிவம், இலையிலிருந்து தலையைத் தூக்கி. "அதுக்குள்ள படி முடிஞ்சிரும்."

அங்கம்மா சம்பந்தியை வழியனுப்பத் தெருவரைக்கும் போனாள்.